வரிசை தப்பிய சங்கீதம்

ருவால்த்லாங்
5 ஜூன் 1995

ரோனூனி,

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. யாரும் சாகவில்லை. உன் அண்ணி பியாகி நலமாக இருக்கிறாள். அவள் நச்சரித்ததால்தான் எழுதுகிறேன். நானாக எழுதியிருக்க மாட்டேன், அதையும் தெரிந்துகொள்.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தரை பிளந்திருக்கிறது. சௌசௌப் பந்தலின் ஒரு முனையிலிருந்து பன்றிக் கொட்டில் வரை முப்பது அடி நீளம், இரண்டு விரல் அகலம். வெள்ளிக்கிழமை காலை பியாகி இலை பறிக்கப் போனவள் பார்த்துவிட்டு வந்து, வெறுங்கையோடு அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டேன். என் உயரத்துக்கு உள்ளே போயிற்று. அடி தட்டவில்லை.

அந்த நேரம் நான் பயந்துவிட்டேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆனால் கேள். அன்று காலை நான் ஏற்கெனவே வேதம் வாசித்து முடித்திருந்தேன். என் முறை உனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் முப்பது வயதில் தானே எழுத்துக் கற்று, அன்றிலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரம், முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. ஒன்றைத் தாண்டியதில்லை, ஒன்றை முந்தியதில்லை. பன்னிரண்டு தடவை முடித்தாகிவிட்டது, இது பதின்மூன்றாவது. வெள்ளிக்கிழமை வந்த சங்கீதம் எது என்று நினைக்கிறாய்? ஆண்டவரை நம்புகிறவர்கள் அசையாத மலையைப் போல இருப்பார்கள் என்று சொல்கிற சங்கீதம். நானா தேடி எடுத்தேன்? வரிசையில் வந்தது.

நேற்று ஞாயிறு பள்ளியின் பெரியவர்கள் வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். கீழ்வீட்டு ஸுவாலா அப்போது சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தான். அவனுக்கு மோயி என்று சின்ன வயது மனைவி, ஏழு மாதப் பெண் குழந்தை. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, சரிவில். வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினான்.

"பு, பெரியவரே, சுத்தி வளைக்க வேணாம். நீங்க போறீங்களா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப நானும் இருக்கேன். மூட்டையப் பிரிக்கிறேன்."

பிரித்துவிட்டான். ஆக, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீ ஜெபித்துக்கொள். பதில் எழுதுவதென்றால் வாதம் பண்ணாமல் எழுது. கடிதத்தைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தால் போதும், அவர் இறக்கிவிடுவார்.

தங்லூரா


லுங்லேய்
18 ஜூன் 1995

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். மூங்கில் குச்சி வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வாதம் பண்ண வேண்டாம் என்கிறீர்கள். சரி. வீட்டை விட்டு இறங்குங்கள். இதில் வாதம் எதுவும் இல்லை. இங்கே எனக்கு இரண்டு அறை இருக்கிறது, ஓய்வு வாங்கிய நர்ஸுக்கு ஓர் அறை போதும். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கீழ்வீட்டுக்காரர்களை முதலில் இறக்குங்கள்.

இத்தனை வருஷம் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். தெரியும், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். அம்மா போன அன்று, நாக்கு வறண்டு கிடந்தவள், "அந்த மேய்ப்பன் சங்கீதத்தக் கொஞ்சம் வாசிப்பா" என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். நீங்கள் அன்றைக்கு வரிசையில் வந்ததைத்தான் வாசித்தீர்கள். எந்தக் கோத்திரத்தில் எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கு. அம்மா ஆயிரங்களைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள்.

இப்போது அதே வரிசை உங்களை அந்த மலையில் உட்கார வைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் எனக்கு அதிகாரம் அதிகாரமாக வாசிக்க நேரம் கிடைத்ததில்லை. ஒரு வார்டுக்கும் அடுத்த வார்டுக்கும் நடுவில் நாலு வரி. அதை மூன்று தடவை மெதுவாக வாசிப்பேன். ஏதாவது ஒரு சொல் காலில் தைத்த முள் மாதிரி நிற்கும். அதை எடுத்துக்கொண்டு, வாசித்த நேரம் அளவுக்குச் சும்மா இருப்பேன். ஜெபம் கூடச் சொல்ல மாட்டேன். நாடி பார்க்கும்போது பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும், அண்ணா. நீங்கள் வாசித்து முடித்த மறுநொடியே ஆண்டவரிடம் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். அவர் நாடியில் நீங்கள் கை வைத்ததே இல்லை.

கோபித்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டே இறங்கி வாருங்கள்.

ரோனூனி


ருவால்த்லாங்
2 ஜூலை 1995

ரோனூனி,

வாதம் இல்லை என்று தொடங்கி இரண்டு பக்கம் வாதம் எழுதியிருக்கிறாய்.

அம்மா விஷயம். அந்த நாளில் நான் வரிசையை உடைத்திருந்தால் அது எனக்கு வசதியான வேதமாகப் போயிருக்கும். பிடித்த பக்கத்தை மட்டும் புரட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிந்துகொள்ளும் பக்கம் வந்தால் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், சுமை தூக்கும் வழியில் அரிசி மூட்டையின் எழுத்தைப் பார்த்துக் கற்றவன் நான். எனக்கு அந்த வரிசைதான் வாத்தியார். அதை விட்டால் நான் யார்? இதை எழுதியதோடு சரி, இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

பிளவு இப்போது நான்கு விரல். களிமண் குழைத்து அடைத்தேன். மூன்று நாளில் களிமண் உள்ளே இறங்கிவிட்டது. மறுபடி அடைத்தேன்.

கிராம சபைத் தலைவர் வந்தார். கையில் குடை, முகத்தில் சிரிப்பு. "பு, நீங்க வேதத்தக் கரச்சுக் குடிச்சவரு, ஒத்துக்கிறேன். ஆனா இந்த மலைக்குப் படிக்கத் தெரியாது பாருங்க" என்றார். கூட வந்த இளைஞர் சங்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். சாத்தப் பார்த்தேன், அவ்வளவுதான். கதவு நிலையில் முட்டி நின்றுவிட்டது. ஒரு வாரமாக அது மூடுவதில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும்.

பியாகியின் வாய் இப்போதெல்லாம் கத்தி. "உங்க அதிகாரம் முடிஞ்சுதா? முடிஞ்சா வந்து இந்தக் கதவத் தள்ளுங்க" என்கிறாள். மேசையில் வைத்த தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று கோப்பையைக் காட்டுகிறாள். நான் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை.

கூரைத் தகரத்தில் மழை தொடங்கினால் விளக்கை ஏற்றிவைத்து விழித்திருக்கிறேன். மழை நின்றால்தான் படுக்கிறேன். இதை வகுப்பில் சொல்ல முடியுமா? சொன்ன வார்த்தைக்கு நான் நிற்க வேண்டாமா?

சும்மா இருப்பது பற்றி எழுதியிருந்தாய். சும்மா இருப்பதற்கு எனக்கு வேதம் எதற்கு? கல்லில் உட்கார்ந்தால் போதும்.

தங்லூரா


லுங்லேய்
9 ஜூலை 1995

அண்ணா,

கதவு மூடவில்லை, தேநீர் சாய்கிறது, மழை பெய்தால் தூக்கமில்லை என்று எழுதிவிட்டு, மரம் ஊதியிருக்கும் என்கிறீர்கள். என்னிடம் வந்த நோயாளிகள் இப்படித்தான் பேசுவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன் என்பார்கள்.

எனக்கும் பயமாக இருக்கிறது. பேருந்து வரும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய் நிற்கிறேன். நடத்துநர் கையை விரித்தால் ஒரு பயம், கடிதத்தை நீட்டினால் இன்னொரு பயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சங்கீதத்தில் அசையாமல் இருப்பது யார்? நம்புகிறவர்கள். உங்கள் சௌசௌப் பந்தல் அசையாது என்று அதில் எங்கே இருக்கிறது? ஒரு தடவை மெதுவாக வாசித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களைப் போல வேதம் தெரிந்தவர் உங்கள் ஊரில் யாரும் இல்லை. அதனால்தான் அந்த ஏழு மாதக் குழந்தை அங்கே தூங்குகிறது.

கால் மணி நேரம் சும்மா இருங்கள். என்னைத் தோற்கடிப்பதற்காகவாவது இருந்து பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் எழுதுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ரோனூனி


ருவால்த்லாங், ஞாயிறு பள்ளி அறை
6 ஆகஸ்ட் 1995

ரோனூனி,

விலாசத்தைப் பார்த்தாயா. சிரித்துக்கொள்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் நான் எதுவும் செய்யவில்லை. சங்கீதத்தை மெதுவாக வாசிக்கவும் இல்லை, ஏனென்றால் நீ சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று. போன ஞாயிறு காலை, வரிசைப்படி, எல்லாமே காற்றைப் பிடிக்கிற வேலை என்று சாலொமோன் ராஜா அலுத்துக்கொள்ளும் அதிகாரம். வாசித்தேன். வழக்கமான இடத்தில் முழங்காலிட்டேன். பின்பக்கச் சுவரோரம் ஒரு தரைப்பலகை, நாற்பத்தோரு வருஷத்தில் என் முழங்கால் இரண்டு குழி போட்ட பலகை. ஜெபத்துக்கு வாயைத் திறந்தவன் உன் சவால் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். உன்னைத் தோற்கடிக்கத்தான்.

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ சொல்லவில்லை. முதலில் கிராம சபைத் தலைவருக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உனக்கு. எல்லாருக்கும் சொல்லி முடித்தபோது சொல்ல ஆளில்லாமல் போயிற்று. நெற்றியைப் பலகையில் வைத்தேன்.

பலகைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மழை இல்லை, ரோனூனி. இரண்டு நாளாக மழை இல்லை. எங்கள் பக்கச் சரிவில் ஊற்றும் கிடையாது. ஆனால் வீட்டைத் தாங்கும் தூண்களுக்குக் கீழே, மண்ணுக்குள், ஒரு பெரிய பானையை யாரோ நிதானமாகச் சரிப்பது போலச் சத்தம். எத்தனை நாளாக ஓடுகிறதோ. தினமும் அதே இடத்தில் முழங்காலிட்டு அதன் மேலேயே சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆண்டவர் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டது தண்ணீர்ச் சத்தம். பியாகியைக் கூப்பிட்டேன். அவள் வந்து என் முகத்தைப் பார்த்தாள். அரிசிப் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஸுவாலா வீட்டுக்கு இறங்க நாற்பது படி. அதைப் போல நீளமான வழியை நான் சுமை தூக்கிய காலத்திலும் நடந்ததில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து இஞ்சியிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்கு. இன்னைக்கே."

"என்ன பு, விளையாடுறீங்களா? அன்னைக்கு அசையாதுன்னீங்க. இன்னைக்கு எறங்குங்கிறீங்க. நடுவுல புதுசா வேற வேதம் அச்சடிச்சுட்டாங்களா?"

"வேதம் அதேதான். நான் தப்பா வாசிச்சிட்டேன்."

அவன் கையிலிருந்த இஞ்சியை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். உள்ளேயிருந்து மோயி வந்தாள். குழந்தை ஏற்கெனவே அவள் முதுகில் துணியில் கட்டப்பட்டிருந்தது. "ரெண்டு மாசமா இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். பொம்பள சொன்னா மலைக்குக் காது கேக்காது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அன்று மதியம் வகுப்பில் எழுந்தேன். அந்தச் சங்கீதத்தில் மலை அசையாது என்று எழுதியது நம்புகிறவரைப் பற்றி, என் வீட்டைப் பற்றி அல்ல, நான் எனக்கு வேண்டியதை அதில் படித்தேன் என்று சொன்னேன். ஐம்பத்து மூன்று பேர் கேட்டார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஏழு நாளாக இந்த அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறோம், இரண்டு குடும்பமும். மலை விழவில்லை. வெயில் அடிக்கிறது. வழியில் போகிறவர்கள், "என்ன பு, தண்ணி இன்னும் ஓடுதா?" என்கிறார்கள். ஸுவாலா தினமும் மேலே பார்க்கிறான். அவன் பன்றி அங்கேயே நிற்கிறது, இஞ்சி அங்கேயே காய்கிறது. "இன்னும் ரெண்டு நாள் பாப்பேன் பு, அப்புறம் நான் போயிருவேன்" என்று சொல்லிவிட்டான்.

இன்று காலை உன் முறைப்படி சும்மா இருந்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. ஏழு நாளாக நான் மனதுக்குள் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. மலை விழ வேண்டும் என்று. என் சொல் நிற்பதற்காக.

பிளவைப் பார்த்தபோது கூட நான் இப்படிப் பயப்படவில்லை. நாற்பத்தோரு வருஷம் வாசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதானா? இதற்கு உன்னிடம் ஏதாவது மருந்து இருந்தால் எழுது.

அண்ணன்


லுங்லேய்
9 ஆகஸ்ட் 1995

அண்ணா,

மருந்து இல்லை. என் நோயைச் சொல்கிறேன்.

அம்மா கேட்ட அன்று என் தோள்பையில் வேதம் இருந்தது. நர்ஸ் வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பையில் அது இல்லாத நாள் இல்லை. நான் எடுத்து வாசித்திருக்கலாம். ஆறே வசனம். நீங்கள் தடுத்திருக்க மாட்டீர்கள், முறைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். நான் எடுக்கவில்லை. நீங்கள் வாசிக்க மறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தவறு செய்வது எனக்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அம்மாவின் தாகத்தைவிட எனக்கு அது வேண்டியிருந்தது.

நாலு நாலு வரியாக மெதுவாக வாசிக்கிறேன், சும்மா இருக்கிறேன் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, பதினோரு வருஷமாக அந்தச் சங்கீதம் இருக்கும் பக்கத்தை நான் திறந்ததில்லை. இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்புகிறவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தங்கையைத்தான் எழுதினீர்கள், தெரியாமல்.

மலை விழ வேண்டும் என்று வேண்டியதை ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு எழுதியபோதே பாதி சொல்லியாகிவிட்டது.

ஸுவாலாவை விடாதீர்கள். கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள்.

ரோனூனி


ருவால்த்லாங், ஞாயிறு பள்ளி அறை
14 ஆகஸ்ட் 1995

ரோனூனி,

உன் கடிதம் சனிக்கிழமை காலைப் பேருந்தில் வந்தது. படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. அறையில் ஸுவாலா இல்லை. மோயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "மேல போறாரு. நான் சொல்லிக் கேக்கல" என்றாள். நான் வேதத்தைக் கையில் வைத்திருந்தேன், அப்படியே ஓடினேன். எழுபத்தோரு வயதில் ஓடினேன் என்றால் எப்படி ஓடியிருப்பேன் என்று நினைத்துக்கொள். யாரும் மேலே போகாமலிருக்க இளைஞர் சங்கம் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலேயே அவனைப் பிடித்துவிட்டேன். தோளில் கூடை, கையில் கயிறு.

"பன்னிய அவுத்துட்டு வந்துர்றேன் பு. அரை மணி நேரம்."

"வேணாம்."

"ரெண்டு வாரம் ஆச்சு. பட்டினியில கெடக்கு. ஒரு துளி மழ கெடையாது. நீங்களே சொல்லுங்க, வேதத்துல போகாதன்னு இருக்கா?"

"இல்ல."

"அப்ப?"

நாற்பத்தோரு வருஷத்தில் ஒருவன் கேட்டு என்னிடம் வசனம் இல்லாமல் போனது அன்றுதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்குப்பா எனக்கு" என்றேன்.

அவன் சங்கடப்பட்டுவிட்டான். கூடையை இறக்கிக் கல்லில் உட்கார்ந்தான். "சரி, மூச்சு வாங்குது உங்களுக்கு, மொதல்ல உக்காருங்க. கையில வேதம் இருக்குல்ல, ஏதாவது வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்."

அன்றைய அதிகாரத்துக்கு நாடா போட்டு வைத்திருந்தேன். திறந்தேன். சாலொமோன் ராஜாவின் காதல் பாட்டு. ஒருத்தி தன் காதலனைத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு போகிறாள். ஸுவாலா எட்டிப் பார்த்துவிட்டு, "இதயா? வேணாம் பு, மோயி கேட்டா சண்டைக்கு வருவா" என்று சிரித்தான். கூடையை மறுபடி தோளில் மாட்டப் போனான். மாட்டிக்கொண்டே, "மேய்ப்பன் சங்கீதம்னா கேக்கலாம். எங்க அப்பாவுக்குப் பிடிக்கும்" என்றான்.

நான் நாடாவை எடுத்துவிட்டேன். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். கை அந்தத் திசையில் போய்ப் பழக்கமில்லை. தேட நேரமாயிற்று. அவன் நின்றுகொண்டே காத்திருந்தான்.

நாலு வரி வாசித்து நிறுத்தினேன். மறுபடி அதையே மெதுவாக வாசித்தேன். அவன் கூடையோடு உட்கார்ந்தான். முடித்ததும், "இன்னொரு தரம்" என்றான். வாசித்தேன். மூன்றாம் தடவை, இருட்டான பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை என்று வரும் இடத்தில், நின்றுவிட்டேன். ஏனென்றால் எனக்குப் பயமாக இருந்தது. பயத்தோடேயே வாசித்தேன். முடித்ததும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

முதலில் பறவைகள் எழுந்தன. பிறகு சௌசௌப் பந்தல் நின்ற நிலையிலேயே, ஒரு கொடி கூட அறுபடாமல், கீழே இறங்கத் தொடங்கியது. எங்கள் வீடு அதைத் தொடர்ந்து போயிற்று. தகரக் கூரை வெயிலில் ஒரு தடவை மின்னியது. ஸுவாலாவின் வீட்டை எங்கள் வீடு மூடியது, இரண்டையும் மண் மூடியது. அவன் பன்றியும் நான் முழங்காலிட்ட பலகையும் அதற்குள்தான்.

ஸுவாலா என் கையை விடவில்லை. என் விரல்கள் இன்னும் வீங்கியிருக்கின்றன, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

என் சொல் நின்றது என்று ஊரில் சொல்கிறார்கள். கிராம சபைத் தலைவர் வந்து கை குலுக்கினார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. நேற்று வகுப்பில் அதையும் சொன்னேன், நான் என்ன வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து. சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வியாழக்கிழமைப் பேருந்தில் நானும் பியாகியும் அங்கே வருகிறோம். ஓர் அறை காலி செய்து வை. சாயங்காலம் அம்மாவுக்காக அந்தச் சங்கீதத்தை நீ வாசி, நான் கேட்கிறேன். ஆறு வசனம்தான். நான் முறைக்க மாட்டேன்.

சாலொமோன் பாட்டில் நான் விட்டுவந்த அதிகாரம் அப்படியே இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்